பார்வையற்றோரின் பவர் பேங்க் பயன்பாடு

பவர் பேங்க் என்பது மின்னாற்றலைச் சேமித்து வைத்து, செல்பேசி முதலிய சிறு கருவிகளுக்கு வேண்டியபோது வழங்கும், கையில் எடுத்துச் செல்லத்தக்க மின்கலத் தொகுதி ஆகும். பார்வையற்றோர் பலருக்குத் திறன்பேசியே வழிகாட்டியாகவும், வாசிப்புக் கருவியாகவும், பணத்தாளை இனங்காணும் கருவியாகவும் பயன்படுவதால், வெளியில் செல்லும்போது பவர் பேங்க் அவர்களுக்கு இன்றியமையாத துணைக்கருவியாகிறது. எனினும் சந்தையில் கிடைக்கும் பவர் பேங்குகளுள் மிகப் பெரும்பாலானவை தம் நிலையை விளக்கொளி மூலமாகவோ எண்திரை மூலமாகவோ மட்டுமே தெரிவிக்கின்றன. அவற்றில் ஒலியோ அதிர்வோ இருப்பதில்லை. எனவே பார்வையற்ற பயனர்கள் தொடுகை, காலக் கணக்கு, செல்பேசியின் பேச்சு ஆகியவற்றைக் கொண்டு அதே செய்திகளை அறிந்து கொள்கின்றனர்.

தேவை

ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்னும் திரை வாசிப்பானும், ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்னும் திரை வாசிப்பானும் 2009 ஆம் ஆண்டில் அறிமுகமாயின. திரையில் உள்ள எழுத்துக்களையும் பொத்தான்களையும் இவை பேச்சாக மாற்றித் தருகின்றன. இதன் பின்னர், முன்பு தனித்தனிக் கருவிகள் செய்த பணிகள் பல ஒரே செல்பேசிக்குள் வந்து சேர்ந்தன. எடுத்துக்காட்டாக:

* 2015 இல் டென்மார்க்கில் தொடங்கப்பட்ட பீ மை ஐஸ் செயலி, நிகழ்பட அழைப்பு மூலம் பார்வையுள்ள தன்னார்வலரின் உதவியைப் பெற்றுத் தருகிறது.
* 2017 இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட சீயிங் ஏஐ செயலி, அச்செழுத்துக்களை வாசித்தும் பொருட்களை விவரித்தும் உதவுகிறது.
* 2020 சனவரி 1 இல் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட மணி செயலி, இந்தியப் பணத்தாள்களின் மதிப்பைக் கூறுகிறது.

இவற்றோடு செய்மதி வழிகாட்டலும் வாடகை வண்டிப் பதிவும் செல்பேசி வழியாகவே நடைபெறுகின்றன. நிழற்படக் கருவி, செய்மதி இடங்காட்டி, இணைய இணைப்பு, புளூடூத் ஆகியவை ஒருங்கே இயங்கும்போது மின்கலம் விரைவாகத் தீர்ந்து போகும். செல்பேசி அணைந்தால், பார்வையுள்ள ஒருவர் சாலைப் பெயர்ப் பலகைகளையும் பேருந்து எண்களையும் கொண்டு வீடு திரும்பலாம். பார்வையற்ற ஒருவருக்கோ வழி, வாசிப்பு, பணம், தொடர்பு ஆகிய நான்கும் ஒரே நொடியில் துண்டிக்கப்படுகின்றன. வெண்கோலுக்கு மின்னேற்றம் தேவையில்லை என்பதால், செல்பேசியை நம்பிச் செல்வோரும் அதனைக் கைவிடுவதில்லை.

இயங்கும் முறை

பவர் பேங்கின் உள்ளே இலித்தியம் அயனி மின்கலங்களோ இலித்தியம் பல்லுறுப்பி மின்கலங்களோ இருக்கும். இவற்றின் பெயரளவு மின்னழுத்தம் ஏறத்தாழ 3.7 வோல்ட் ஆகும். யூ.எஸ்.பி. வழியாக வெளிவருவது பொதுவாகக் குறைந்தது 5 வோல்ட் என்பதால், இடையில் உள்ள மின்சுற்று மின்னழுத்தத்தை உயர்த்திக் கொடுக்கிறது. இம்மாற்றத்தின்போது ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. செல்பேசி மின்னேற்றம் பெறும்போதும் ஒரு பகுதி இழக்கப்படுகிறது.

10,000 மில்லியாம்பியர் மணி எனக் குறிக்கப்பட்ட பவர் பேங்கின் ஆற்றல் 10 × 3.7 = 37 வாட் மணி ஆகும். 5,000 மில்லியாம்பியர் மணி கொண்ட செல்பேசி மின்கலத்தின் ஆற்றல் ஏறத்தாழ 19 வாட் மணி. கணக்கின்படி இரு முறை முழுதாக நிரப்ப முடியும் என்று தோன்றினாலும், இழப்புக்களைக் கழித்தால் ஏறத்தாழ ஒன்றரை முறையே நிரப்ப முடியும். எஞ்சிய ஆற்றலை ஒளியால் அறிய இயலாத பயனருக்கு இக்கணக்கு மிகவும் பயனுள்ளது.

பார்வையை நம்பிய வடிவமைப்பு

பவர் பேங்க் ஒன்று தன் பயனருக்குத் தெரிவிக்கும் செய்திகள் பின்வருவன:

1. எஞ்சிய மின்னேற்றம். பெரும்பாலும் நான்கு எல்.இ.டி. விளக்குகள் இதனைக் காட்டும். ஒவ்வொரு விளக்கும் ஏறத்தாழ 25 விழுக்காட்டைக் குறிக்கும். சில வகைகளில் எண்திரை உள்ளது.
2. மின்னேற்றம் நடைபெறுகிறதா, நிறைவுற்றதா என்பது. விளக்கு மின்னுவதும் நிலையாக எரிவதும் இதனைக் குறிக்கும்.
3. பழுது அல்லது மிகை வெப்பம். விளக்கின் நிறமாற்றமோ விரைவான மினுக்கமோ இதனைக் குறிக்கும்.
4. உள்ளீட்டு, வெளியீட்டு வாய்கள் எவை என்பது. இது சிறு எழுத்துக்களில் அச்சிடப்பட்டிருக்கும்.
5. கொள்ளளவு, மாதிரி எண், தொடர் எண், பாதுகாப்புச் சான்றுக் குறி. இவையும் அச்சிலேயே உள்ளன.

இவ்வைந்தில் ஒன்றுகூடத் தொடுகைக்கோ செவிக்கோ எட்டுவதில்லை. நீர்க்குடத்தைத் தூக்கிப் பார்த்தும், எரிவாயு உருளையை அசைத்துப் பார்த்தும் எவ்வளவு மீதியுள்ளது என ஓரளவு உணரலாம். மின்கலம் அவ்வாறன்று. நிறைந்த பவர் பேங்கும் தீர்ந்த பவர் பேங்கும் கைக்கு ஒரே எடையாகவே இருக்கும். குறைப்பார்வை உடையோருள் சிலர் விளக்கு எரிவதைக் காண இயன்றாலும், எத்தனை விளக்குகள் எரிகின்றன என்று எண்ணவோ எண்திரையை வாசிக்கவோ இயலாத நிலை உண்டு.

செருகுவாய்களைத் தொட்டறிதல்

செருகிகளின் வடிவம் ஒவ்வொன்றும் வேறுபடுவதால் விரல் நுனியால் அவற்றை இனங்காண முடியும்.

யூ.எஸ்.பி. ஏ: இதன் செருகி தட்டையான செவ்வக உலோகக் கூடு ஆகும். ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் அகலமும் 4.5 மில்லிமீட்டர் தடிப்பும் உடையது. ஒரு பக்கமாக மட்டுமே நுழையும். யூ.எஸ்.பி. தர விதிகளின்படி செருகியின் மேற்புறப் பிடியில் முத்தலைச் சூலம் போன்ற குறி புடைப்பாக இருத்தல் வேண்டும். கண்ணால் காணாமலே மேற்புறம் எது என அறிய இக்குறி உதவுகிறது. மலிவான வடங்களில் இக்குறி வெறும் அச்சாகவோ இல்லாமலோ இருக்கலாம். அத்தகைய வடங்களில் மேற்புறத்தில் ஒரு ஒட்டுப்புள்ளியை இட்டுக் கொள்வது வழக்கம்.

மைக்ரோ யூ.எஸ்.பி.: சிறியது; ஒரு பக்கம் குறுகிய சரிவக வடிவம் உடையது. செருகியில் இரு சிறு கொக்கிகள் விரலுக்குத் தட்டுப்படும். தவறான பக்கமாக அழுத்தினால் செருகுவாய் உடைந்து விடக்கூடும். பழைய பவர் பேங்குகளில் இதுவே உள்ளீட்டு வாயாக இருந்தது.

டைப்-சி: 2014 இல் இதன் தர விதிகள் வெளியாயின. இரு முனைகளும் வளைந்த நீள்வட்ட வடிவம் உடையது. எந்தப் பக்கமாகவும் நுழையும். திசை தேடும் தொல்லை இல்லாததால் பார்வையற்ற பயனர்களுக்கு இது பெரும் வசதியாகும்.

லைட்னிங்: 2012 முதல் ஐபோன்களில் பயன்பட்டது; 2023 இல் வெளியான ஐபோன் 15 முதல் அதனிடத்தை டைப்-சி பெற்றது. இதுவும் இரு பக்கமாகவும் நுழையும். மற்றவை உட்குழிவான கூடுகளாக இருக்க, இது கெட்டியான தகடு போல் இருப்பதால் எளிதில் வேறுபடுத்தலாம்.

செருகும்போது ஒரு கையின் சுட்டுவிரலைச் செருகுவாயின் ஓரத்தில் வைத்து, மறு கையால் செருகியை அவ்விரலை ஒட்டிக் கொண்டு வருதல் பொதுவான முறையாகும். செருகுவாய்க்குள் தூசி இருப்பின் செருகி முழுதாக உட்செல்லாது. அதனை அகற்ற ஊசி போன்ற உலோகப் பொருட்களைப் பயன்படுத்துதல் ஆகாது. வடம் உடலோடு இணைக்கப்பட்ட வகைகளில் வடத்தைத் தேட வேண்டியதில்லை. ஆயினும் அவ்வடம் பழுதானால் பவர் பேங்க் முழுவதுமே பயன் குறைந்து விடும்.

ஒரே பையில் பல வடங்கள் இருக்கும்போது, ஒன்றில் நூல் முடிச்சு, மற்றொன்றில் இரப்பர் வளையம், வேறொன்றில் பிரெயில் ஒட்டு என அடையாளமிடலாம். வேறுபட்ட நீளமோ மேற்பரப்போ கொண்ட வடங்களை வாங்குவது இன்னும் எளிய வழியாகும்.

மின்னேற்றத்தின் அளவை அறிதல்

விழுக்காட்டுக் கணக்கு

பவர் பேங்க் பேசாவிடினும் செல்பேசி பேசும். செருகும்போதும் கழற்றும்போதும் செல்பேசியின் மின்னேற்ற விழுக்காட்டைத் திரை வாசிப்பான் மூலம் கேட்டுக் குறித்துக் கொண்டால், பவர் பேங்கிலிருந்து எடுக்கப்பட்ட அளவு தெரியும்.

முதலில் பவர் பேங்கை முழுதாக நிரப்ப வேண்டும். பின்னர் சில நாட்களுக்கு அதனைக் கொண்டு மட்டும் செல்பேசிக்கு மின்னேற்றி, ஒவ்வொரு முறையும் ஏறிய விழுக்காட்டைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். பவர் பேங்க் தீர்ந்து போகும்போது கிடைக்கும் கூட்டுத்தொகையே அந்தச் செல்பேசிக்கு அந்தப் பவர் பேங்க் தரும் மொத்த அளவாகும். இது 140 எனக் கிடைத்ததாகக் கொள்வோம். அடுத்த முறை 30 இலிருந்து 85 வரை ஏற்றினால் 55 செலவு. மறுநாள் 20 இலிருந்து 75 வரை ஏற்றினால் மேலும் 55 செலவு. ஆக 110 போக எஞ்சியது 30. இன்னொரு முறை பாதிகூட நிரப்ப முடியாது என்பதை விளக்கொளியின்றியே அறியலாம். உண்மையில், நான்கு விளக்குகள் காட்டும் அளவைவிட இது நுட்பமானதாகும்.

மின்னேறும் வேளையில் செல்பேசியை மிகுதியாகப் பயன்படுத்தினால் கணக்கு பிசகும். மின்கலம் முதுமையடையும்போது கொள்ளளவு குறையும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை இச்சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.

காலக் கணக்கு

பவர் பேங்கை நிரப்பும்போது அது நிறைவுற்றதை அறிவிக்கும் ஒலி இராது. 37 வாட் மணி கொண்ட பவர் பேங்கை 10 வாட் மின்னேற்றியால் நிரப்ப, இழப்புக்களையும் சேர்த்து 4 முதல் 5 மணி நேரம் ஆகும். 20,000 மில்லியாம்பியர் மணி கொண்டதற்கு அதைப்போல் இரு மடங்கு ஆகும். செல்பேசியில் நேரக்கணிப்பியை அமைத்துக் கொள்வது வழக்கம். மின் அளவைக் காட்டும் திறன்செருகி வழியாக மின்னேற்றினால், அதன் செயலியில் வாட் அளவு சுழியை நெருங்குவதைத் திரை வாசிப்பான் கூறக் கேட்டு நிறைவை அறியலாம்.

நிழற்படக் கருவி வழி

சீயிங் ஏஐ போன்ற செயலிகளில் ஒளியின் அளவுக்கேற்ப மாறும் ஒலியை எழுப்பும் வசதி உண்டு. இருட்டறையில் இதனைக் கொண்டு விளக்கு எரிகிறதா எனச் சோதிக்கலாம். எத்தனை விளக்குகள் எனத் துல்லியமாகக் கூற இது போதாது. எண்திரையில் உள்ள ஏழு கோட்டு எண்களை எழுத்துணரி மென்பொருட்கள் பல நேரங்களில் தவறாக வாசிக்கின்றன. படத்தை விவரிக்கும் செயலிகளும் நிகழ்பட உதவியும் கூடுதல் பயன் தரும். எனினும் செல்பேசி முழுதாக அணைந்த நிலையில் இவ்வழிகள் எவையும் உதவா. ஆகவே செல்பேசி அணையும் முன்பே பவர் பேங்கின் நிலையை அறிந்து வைத்தல் வேண்டும்.

மின்னோட்டத்தின் திசை

பழைய பவர் பேங்குகளில் உள்ளீட்டு வாயும் வெளியீட்டு வாயும் வெவ்வேறு வடிவம் கொண்டிருந்தன. டைப்-சி வந்த பின்னர் ஒரே வாய் இரு பணிகளையும் செய்கிறது. இதனால் இரு முனைகளிலும் டைப்-சி உள்ள வடத்தால் இணைக்கும்போது, சில வேளைகளில் செல்பேசியிலிருந்து பவர் பேங்குக்கு மின்னோட்டம் செல்ல வாய்ப்பு உண்டு. ஐபோன் 15 உட்படப் பல செல்பேசிகள் பிற கருவிகளுக்கு மின்னேற்றும் திறன் கொண்டவை. பார்வையுள்ளவர் திரையைப் பார்த்தவுடன் இத்தவற்றைக் கண்டு கொள்வார். பார்வையற்றவர் செல்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மின்னேற்றம் குறைந்திருப்பதை அறிய நேரிடலாம்.

இதனைத் தவிர்க்க இரு வழிகள் உள்ளன. முதலாவது, இணைத்தவுடன் செல்பேசி எழுப்பும் மின்னேற்ற ஒலியையோ அதிர்வையோ உறுதி செய்து கொண்டு, பின்னர் திரை வாசிப்பான் மூலமும் சரிபார்த்தல். இரண்டாவது, பவர் பேங்கின் யூ.எஸ்.பி. ஏ வாயிலிருந்து செல்பேசிக்கு இணைத்தல். அவ்வாய் வெளியீட்டுக்கு மட்டுமே உரியது என்பதால் திசை மாறாது.

சிறு கருவிகளும் தானாக அணைதலும்

பிரெயில் காட்சிக் கருவி, எலும்புவழிக் கேட்பொறி, பேசும் கடிகாரம் முதலியவற்றிற்கும் பவர் பேங்க் பயன்படுகிறது. எலும்புவழிக் கேட்பொறி காதை மூடாததால், தெருவோசையைக் கேட்டுக்கொண்டே வழிகாட்டும் குரலையும் கேட்க முடிகிறது.

வெளியேறும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், எதுவும் இணைக்கப்படவில்லை எனக் கருதிப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்து விடும். சிறு கேட்பொறிகளுக்கு மின்னேற்றும்போது இது நிகழ்கிறது. சில வகைகளில் பொத்தானை இருமுறை அழுத்தினாலோ நீண்ட நேரம் அழுத்தினாலோ குறைமின்னோட்ட நிலை இயங்கும். அந்நிலை இயங்கியதற்கு அடையாளம் ஒரு சிறு விளக்கு மட்டுமே. கருவியை இணைத்துச் சில நிமிடங்கள் கழித்து அதன் மின்னேற்றத்தை மீண்டும் கேட்டறிவதே நம்பத்தக்க வழியாகும். செவிப்புலனும் இல்லாதோர் இதனைப் பிரெயில் காட்சிக் கருவியின் மூலம் அறிகின்றனர்.

கம்பியில்லா மின்னேற்றம்

கம்பியில்லா மின்னேற்றத்தில் செருகுவாயைத் தேட வேண்டியதில்லை. ஆனால் செல்பேசியும் மின்னேற்றச் சுருளும் நேராகப் பொருந்தாவிட்டால் மின்னேற்றம் நின்றுவிடும். இழப்பும் வடத்தைவிடக் கூடுதலாகும். 2020 இல் ஐபோன் 12 உடன் வந்த மேக்சேஃப் முறையும், 2023 இல் வெளியான சீ2 தரமும் காந்த வளையத்தால் இக்குறையை நீக்கின. காந்தம் இழுத்துப் பொருந்துவதைக் கை உணர்கிறது.

2021 இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மேக்சேஃப் மின்கலத்தின் எஞ்சிய அளவு ஐபோனின் திரையிலேயே காட்டப்பட்டது. ஆதலால் வாய்ஸ்ஓவர் அதனை வாசித்துக் கூற முடிந்தது. அதன் விற்பனை 2023 இல் நிறுத்தப்பட்டது. புளூடூத் வழியாகத் தம் நிலையைச் செயலியில் காட்டும் பவர் பேங்குகளும் உள்ளன. செயலியின் பொத்தான்களுக்கு முறையான பெயர்கள் இடப்பட்டிருந்தால் மட்டுமே அவை பார்வையற்றோருக்குப் பயன்படும்.

பாதுகாப்பு

பழுதான இலித்தியம் மின்கலம் தீப்பற்றக்கூடும். பழுதின் அடையாளங்களுள் முதன்மையானவை தொடுகைக்கு எட்டுவன: உடல் புடைத்தல், மூடியின் இணைப்புப் பிரிதல், வழக்கத்துக்கு மாறான சூடு, இனிப்பு கலந்த கரைப்பான் போன்ற வாடை. சமதளமான மேசையில் வைத்து அழுத்தும்போது ஆடினால் புடைப்பு உண்டு என அறியலாம். இவற்றுள் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் அதனைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். மெத்தை, தலையணை ஆகியவற்றின் மீது வைத்து மின்னேற்றுதல் கூடாது.

2025 சூன் மாதத்தில் அமெரிக்காவில் 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட பவர் பேங்குகள் தீ அபாயம் காரணமாகத் திரும்பப் பெறப்பட்டன. தம்மிடம் உள்ளது அவற்றுள் ஒன்றா என்பதைப் பயனர்கள் மாதிரி எண், தொடர் எண் ஆகியவற்றைக் கொண்டே அறிய வேண்டியிருந்தது. இவ்வெண்கள் உடலில் சிறு அச்சில் உள்ளவை. ஆகவே வாங்கியவுடனேயே பிறர் உதவியாலோ எழுத்துணரி மென்பொருளாலோ இவற்றை வாசித்து, கொள்ளளவுடன் சேர்த்துச் செல்பேசியில் குறித்து வைத்தல் நன்று.

விமானப் பயணம்

பவர் பேங்குகளைச் சரக்குப் பகுதிக்குச் செல்லும் பெட்டிகளில் வைக்க அனுமதியில்லை. கைப்பையிலேயே எடுத்துச் செல்ல வேண்டும். பொதுவாக 100 வாட் மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வாட் மணி வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 20,000 மில்லியாம்பியர் மணி என்பது 74 வாட் மணி. 30,000 என்பது 111 வாட் மணி.

2025 சனவரி 28 இல் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று தீப்பற்றியதைத் தொடர்ந்து விதிகள் இறுகின. 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்சும், 2025 அக்டோபர் 1 முதல் எமிரேட்சும் பறக்கும்போது பவர் பேங்க் பயன்படுத்துவதைத் தடை செய்தன. 2025 சூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் அந்நாட்டின் 3சி சான்றுக் குறி இல்லாதவை அனுமதிக்கப்படவில்லை. இக்குறியும் அச்சில் மட்டுமே உள்ளது. பயணிகள் முன்னதாகவே அதனைச் சரிபார்த்துக் கொள்ளாவிடில், சோதனைச் சாவடியில் பவர் பேங்கை இழக்க நேரிடும். செல்பேசியை முழுதாக நிரப்பிக்கொண்டு ஏறுவதும், இருக்கையருகே யூ.எஸ்.பி. வாய் இருப்பின் அதன் இடத்தைப் பணியாளரிடம் கேட்டறிவதும் பயன் தரும்.

மின் செலவைக் குறைத்தல்

செல்பேசியில் மிகுதியாக மின்னாற்றலைச் செலவிடுவனவற்றுள் திரையும் ஒன்று. வாய்ஸ்ஓவரில் திரைச்சீலை என்னும் வசதியும், டாக்பேக்கில் திரையை மறைக்கும் வசதியும் உள்ளன. இவற்றை இயக்கினால் திரை கருமையாகிவிடும். பேச்சும் தொடுகையும் வழக்கம்போல் இயங்கும். இதனால் பிறர் திரையை எட்டிப் பார்ப்பதும் தவிர்க்கப்படுகிறது. பார்வையுள்ள பயனர்களால் மேற்கொள்ள இயலாத சிக்கன வழி இது எனலாம்.

வடிவமைப்பும் சட்டமும்

பவர் பேங்கை அணுகத்தக்கதாக்கப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. பொத்தானை அழுத்தியவுடன் எஞ்சிய அளவுக்கேற்ப ஒன்று முதல் நான்கு முறை அதிரும் சிறு மின்னோடி, நிறைவுற்றதும் எழும் ஒற்றை ஒலி, வெளியீட்டு வாயருகே ஒரு புடைப்புப் புள்ளி, விரலுக்குப் புலப்படும் பொத்தான் ஆகியவை போதுமானவை. இருளில் பயன்படுத்துவோர், முதியோர் ஆகியோருக்கும் இவை பயன்படும்.

2006 இல் நிறைவேற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, எல்லோரும் பயன்படுத்தத்தக்க பொதுமை வடிவமைப்பை வலியுறுத்துகிறது. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 43 ஆம் பிரிவு, அத்தகைய நுகர்பொருட்களின் உருவாக்கத்தையும் உற்பத்தியையும் அரசு ஊக்குவிக்க வேண்டும் எனக் கூறுகிறது. 2025 சூன் 28 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் திறன்பேசிகளை உள்ளடக்குகிறது. பவர் பேங்குகள் அதில் தனியாகக் குறிப்பிடப்படவில்லை. இதனால், பேசும் செல்பேசிக்குச் சட்டக் கடப்பாடு இருக்க, அதற்கு உயிர் கொடுக்கும் பவர் பேங்கை அணுகத்தக்கதாக்குவது உற்பத்தியாளரின் விருப்பமாகவே உள்ளது.

இவற்றையும் பார்க்க

* திரை வாசிப்பான்
* வெண்கோல்
* பிரெயில் காட்சிக் கருவி
* இலித்தியம் அயனி மின்கலம்
* பொதுமை வடிவமைப்பு